மைமூன் லாத்தா சொல்லாத சொல்

மகளுக்குக் கூழை ஆற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் மாடி வீட்டு வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒன்று பட்டென்று விழுந்தது. கொஞ்சம் தாமதித்து மற்றொன்று. மைமூன் லாத்தாவுக்கு இடது கால் சற்று இழுக்கும். அவர் செருப்பு அப்படித்தான் விழும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார் என்று கரண்டியோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

நின்றவர் அவருடைய அண்ணன், சிராங்கூன் சாலையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். காலில் ஷூ போட்டிருந்தார். அதன் கயிறு அவிழ்க்கப்படவில்லை.

"தங்கச்சி, மைமூன் மவுத்தாயிட்டா. இன்னைக்கு சாயந்தரம் அஸர் தொழுகைக்கு அடக்கம். முகம் பாக்கணும்னா இப்பவே வாங்க."

வாசலைப் பார்த்தேன். செருப்பு எதுவும் இல்லை. இதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட.

நம் மாதர் சங்க மலரைப் படிப்பவர்களில் பலருக்கு மைமூன் பீவியைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாகூர்ப் பக்கத்திலிருந்து மணமாகி இங்கே வந்தவர். சிறு வயதிலேயே கணவரை இழந்து அண்ணன் வீட்டில் இருந்தார். அங்கே மதியச் சமையல் முடிந்ததும், ஃபேரர் பார்க் பக்கத்தில் உள்ள பிள்ளைகள் இல்லத்துக்கு நடந்தே வருவார். சம்பளம் கிடையாது. தலையில் பேன் பார்ப்பது, சிரங்குக்கு மருந்து தடவுவது, மூக்கைப் பிடித்து மீன் எண்ணெய் புகட்டுவது, ஈரத்துணிகளை அலசிக் காயப்போடுவது எல்லாம் அவர் வேலை. சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று இல்லாமல் அத்தனையும் அவரை, அக்கா என்று பொருள்படும் 'லாத்தா' என்றே கூப்பிடும். "நான் இந்த ஊர்க்காரங்க மாதிரி பேச்சுக்குப் பேச்சு லா போடறேன்ல, அதான் லாத்தான்னு நெனச்சிட்டாங்க" என்று சிரிப்பார்.

திருச்சியில் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள் நான். துறைமுக அலுவலகத்துக்குப் போன கணவர் திரும்பும்வரை வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு பயந்து கிடப்பேன். அதற்காகவே இல்லத்தில் தொண்டு செய்யப் போனேன். அப்போது மகள் வயிற்றில் இருந்தாள்.

முதல் நாள் மாலை கிளம்பும்போது, பிள்ளைகளிடம் வாய்ப்பழக்கமாக "போயிட்டு வரேன்" என்றேன். லாத்தா என் முழங்கையைக் கிள்ளினார்.

"என்ன பி.ஏ., நாளைக்கு வருவீங்களா?"

"முடிஞ்சா வருவேன் லாத்தா."

"முடிஞ்சாங்கறது இவங்க காதுல விழாது லா. திரும்பிப் பாருங்க."

பார்த்தேன். இருட்டத் தொடங்கும் நேரம். பச்சை இரும்பு கேட்டின் கம்பிகளுக்கு நடுவே வரிசையாக முகங்கள். ஒரு பிள்ளையும் கையசைக்கவில்லை, அழவில்லை, பேசவில்லை. கண்கள் மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. தாழ்ப்பாள் தேய்ந்துபோன அந்த கேட், காற்றே இல்லாமல் மெல்ல முனகியது.

"இதுங்கள விட்டுட்டுப் போன எல்லாரும் வரேன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க" என்றார் லாத்தா. பிறகு அவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார். "போறேன், புள்ளைங்களா!"

"போங்க!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். கத்திவிட்டு விளையாடக் கலைந்து ஓடினார்கள்.

பிள்ளைத்தாய்ச்சி காதில் விழுகிற வார்த்தையா அது! "போறேன்னு சொல்லலாமா லாத்தா? அபசகுனமில்லையா?" என்று கேட்டேன்.

"இன்ஷா அல்லாஹ் சேக்காம நாங்க வர்றேன்னு சொல்றதில்ல. சேத்துச் சொன்னாலும் இதுங்க வர்றேனை மட்டும் புடிச்சிக்கும். சகுனமெல்லாம் வீட்டுல ஆத்தா இருக்கற புள்ளைக்கு."

எல்லாரும் கலைந்த பிறகும் ஒருத்தி மட்டும் கேட்டருகிலேயே நின்றாள். ராணி என்று பெயர். அவள் தாய் "இங்கயே நில்லு, வந்துர்றேன்" என்று சொல்லிப் போனவள், காச நோயில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டாள். ராணியிடம் சொல்லியும் அவள் நம்பவில்லை. அந்தி நேரத்தில் அவளைக் கேட்டிலிருந்து பிரித்துச் சோற்றுக்குக் கூட்டிப்போவது பெரும்பாடு.

பின்பு ஒருமுறை பிள்ளைகளை லாரியில் ஏற்றி பாசிர் ரிஸ் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். கிளம்பும் நேரத்தில் ராணியைக் காணவில்லை. தென்னைகளைத் தாண்டித் தேடிப் போனால், இடுப்பளவு தண்ணீரில் கடலைப் பார்த்து நிற்கிறாள். அலை இல்லை. தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது.

"அம்மா கூப்பிடறாங்க" என்றாள்.

நான் கத்தியிருப்பேன். லாத்தா என் வாயைப் பொத்திவிட்டுச் சேலையோடு தண்ணீரில் இறங்கினார். "என்னன்னு கூப்பிடறாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"வான்னு."

லாத்தா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆளே இல்லாத கடலைப் பார்த்து, "அவ வரமாட்டா! புள்ளைய நாங்க பாத்துக்கறோம். நீங்க போங்க!" என்றார். அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஒருமுறை கலங்கித் தெளிந்தது. மீனாக இருக்கலாம். ராணி தானாகவே திரும்பி நடந்தாள்.

லாரியில் வரும்போது கேட்டேன். "பேயெல்லாம் கிடையாதுன்னு சொல்வீங்களே லாத்தா?"

"பேய் கிடையாதுதான். சொன்ன பேச்சு இருக்கே. வர்றேன்னு சொன்ன பேச்சு ஆளைப் போக விடாது. யாராவது போங்கன்னு சொல்லணும்."

அன்றிலிருந்து ராணி லாத்தாவின் முந்தானையை விடவில்லை.

எனக்கு மகள் பிறந்தாள். பிள்ளைக்குத் தும்மல் வந்தாலே நான் உயிரை விடுவேன், லாத்தா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பி.ஏ.வுக்குத்தான் ஜுரம்" என்பார். பிறகு அவரே இளைக்கத் தொடங்கினார். வயிற்றில் கட்டி என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாளும் இல்லத்துக்கு வந்து நகம் வெட்டிவிட்டார். நானும் பிள்ளையோடு போயிருந்தேன். கிளம்பும் நேரத்தில் என் மகள் அவர் இடுப்பில் இருந்தாள். ராணி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"லாத்தா, நாளைக்கு?"

மகளை என்னிடம் கொடுத்துக்கொண்டே, அந்தக் களைப்பில், "வர்றேன்டி" என்று சொல்லிவிட்டார்.

சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே அண்ணன் டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவோடு நின்று அவசரப்படுத்தினார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டதும் அதுதான்: "அந்தப் பேச்சத் திரும்ப வாங்கணும். அவ கேட்டுல நிப்பா. என்னை ஒருதரம் கூட்டிட்டுப் போங்களேன்." டாக்டர் விடவில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் மாலை, ராணியிடம் சொல்வதற்காக இல்லத்துக்குப் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனேன். ராணி கேட்டருகே நின்றிருந்தாள். ஆனால் சிரித்த முகம்.

"அக்கா, லாத்தா நேத்து வந்தாங்க."

"எங்கேம்மா?"

"கேட்டுக்கு வெளிய. வாங்கன்னேன், உள்ள வரல. கால்ல செருப்பில்ல. எங்கன்னு கேட்டேன். உங்க வீட்டு வாசல்ல கழட்டிட்டாங்களாம்."

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் முன்னால் உட்கார்ந்து, சேர்த்துவைத்த வார்த்தைகளை எல்லாம் விட்டுவிட்டு, "லாத்தா செத்துப்போயிட்டாங்க, ராணி" என்றேன்.

அவள் அழவில்லை. யோசித்தாள். "அதான் உள்ள வரலையா?" என்றாள். "வர்றேன்னு சொன்னதால நிக்கறாங்களா?"

அவள் தெருப்பக்கம் திரும்பினாள். வெறும் தெரு. சாக்கடை ஓரத்தில் காய்ந்த இலைகள். கடலைப் பார்த்து லாத்தா சொன்னது போலவே, கத்தினாள்.

"லாத்தா! நீங்க போங்க! நான் இங்க நிக்க மாட்டேன்!"

கேட்டின் முனகல் நின்றது. ராணி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க அக்கா?"

"போறேன்" என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக.

"போங்க" என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமலே அவள் சோற்றுக்குப் போனாள். இப்போதெல்லாம் அவள் கேட்டில் நிற்பதில்லை என்று இல்லத்து ஆயா சொல்கிறார்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நான்கு நாளாக விளக்கு வைக்கிற நேரத்தில் என் மகள் விளையாட்டை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறாள். இடுப்புக்குத் தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டுகிறாள். என்னைப் பார்த்து அல்ல. அன்று லாத்தா அந்தச் சொல்லைச் சொன்னபோது இவளும் அவர் கையில்தானே இருந்தாள். இவளுக்கோ இன்னும் பேச்சு வரவில்லை. இவளுக்காக நான்தான் சொல்ல வேண்டும். நாலு நாளாக நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்தவரைப் போங்கள் என்று எப்படிச் சொல்வேன், அதுவும் என் பிள்ளையை இத்தனை ஆசையாகத் தூக்கியவரை?

இன்று எழுதிக்கொண்டிருந்த தாளை வைத்துவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கதவைத் திறந்தேன்.

"லாத்தா, புள்ளைங்க நல்லா இருக்காங்க. ராணியை நான் பாத்துக்கறேன். செருப்ப மாட்டிக்கிட்டு நீங்க போங்க."

மாடிப்படியில் யாரும் இல்லை. மகள் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். கீழே, படிகள் திரும்புகிற இடத்திலிருந்து ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்சம் தாமதித்து, மற்றொன்று.