கறுப்புக் கல்லுக்குள் நகத்தளவு கரி

அறந்தாங்கியைத் தாண்டியதும் பஸ்ஸின் ரேடியேட்டர் கொதித்துவிடுகிறது. டிரைவர் தண்ணீர் தேடிப் போகிறார். நான் இறங்கிச் செம்மண் பொட்டலில் நடக்கிறேன். காலடியில் உள்ளங்கை அளவு கறுப்புக் கல் ஒன்று, கண்ணாடி போல மின்னுகிறது. எடுத்தால் விளிம்பு விரலைக் கீறுகிறது.

எரிமலைக் கண்ணாடி! நம் பக்கம் எரிமலை ஏது? ஆதிகாலத்தில் யாரோ கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்க வேண்டும். கல்லூரியில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியருக்கு எழுதப்போகும் கடிதத்தின் முதல் வரிகூட மனத்தில் தயார்.

பக்கத்துக் கொல்லையில் கடலைக்குக் களை வெட்டும் பெண் அதே மாதிரிக் கல் ஒன்றை வரப்பில் வீசுகிறார்.

"இந்தக் கல் எங்கேயிருந்து வந்ததுங்க?" என்கிறேன்.

"எங்கேயிருந்தும் வரலைங்க. இரும்புச் சிட்டம், உருக்கினப்ப ஒதுங்குன கழிவு. அந்தக் காலத்துல இங்கிட்டுத்தான் செம்புறாங்கல்லை உருக்கி இரும்பு எடுத்திருக்காங்க. கொத்துற எடமெல்லாம் இதான். குடுங்க, காட்டுறேன்."

களைக்கொத்தைத் திருப்பி ஒரு போடு போடுகிறார். கல் பிளக்கிறது. உள்ளே காற்றுக் குமிழிகள். ஒன்றுக்குள் நகத்தளவு அடுப்புக்கரி, மரத்தின் வரிகூடக் கலையாமல்.

மனத்தில் எழுதிய கடிதம் பொய்யாய்ப் போயிற்று. எரிமலையே இல்லாத ஊரில், மனிதர்கள் துருத்தி ஊதியே கல்லைக் கண்ணாடியாக உருக்கியிருக்கிறார்கள்! இப்போதெல்லாம் கரியை வைத்து வயது கணிக்கிறார்களாம். ஆயிரம் வருஷமோ, இரண்டாயிரமோ?

கை சும்மா இருக்கவில்லை, கரியைத் தொட்டுவிடுகிறேன்.

பஸ் ஹார்ன் அடிக்கிறது. என்றைக்கோ அணைந்த உலையின் கரி, நேற்றைய அடுப்புக்கரி போலவே என் விரலில் ஒட்டுகிறது.