இடமிருந்து நாலாவது தலை

ஓரிடத்தில் கால் தரிக்காத ஆள் நான். இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடம் நின்றது. பிறகு காஹாங்கில் செம்பனைக் குலை தூக்கினேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன். இடது கைச் சுண்டுவிரலின் நுனியை அங்கேயே விட்டுவிட்டு பத்து பகாட் என்ற ஊருக்கு வந்து துணிக் கிடங்கில் மூட்டை அடுக்கினேன். யோங் பெங்கில் டயர் கடை வேலைக்குச் சேர்ந்தபோது ஆறு மாதம் தங்கினால் பெரிது என்றுதான் நினைத்தேன். நான்கு வருடம் ஆகிவிட்டது. பிடித்து வைத்தது ஒரு பிஸ்கட் டின்.

யோங் பெங்குக்கு வந்த புதிதில், பத்து பகாட்டில் ஒரு சீனரின் போட்டோ ஸ்டூடியோவை மூடியபோது சாமான் இறக்கும் வேலைக்குப் போயிருந்தேன். இருட்டறையில் இருந்த டின்னைக் காட்டி, "குப்பைதான், நீ வேணும்னா எடுத்துக்க" என்று மலாயில் சொன்னார் கடை முதலாளியான தவுக்கே. திறந்தால் ஏழு என்லார்ஜர் லென்சுகள். நெகட்டிவில் இருக்கும் சின்னப் படத்தைத் தாளில் பெரிதாக்க, அந்தக் காலத்தில் கருவியில் மாட்டும் லென்ஸ். எல்லாம் எலுமிச்சம்பழ அளவு. ஒன்றைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். சாலை, லாரி, எதிர்க்கடைப் பலகை எல்லாம் அதற்குள் தலைகீழாக, ஈரத்தோடு மிதந்தன. அப்போதே மனம் அதில் விழுந்துவிட்டது.

அவற்றைப் பழைய டிஜிட்டல் கேமராவில் முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினால் எறும்பின் கண்ணைக்கூடப் படம் பிடிக்கலாம் என்பது பிறகு தெரிந்தது. தண்ணீர்க் குழாய்க் கடையில் பிளாஸ்டிக் மூட்டுகள் வாங்கி, உள்ளே கறுப்புச் சாயம் பூசி, லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு நீளக் குழாய் செய்துகொண்டேன். ஏழில் எது நல்லது என்று தெரிய வேண்டும். வாசல் விளக்கடியில் செத்துக் கிடந்த விட்டில்பூச்சி ஒன்றின் சிறகைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, அதையே ஏழு லென்சாலும் எடுத்துப் பார்த்தேன். கண்ணுக்குப் பழுப்புத் தூளாகத் தெரியும் சிறகு, லென்சுக்குள் ஓடு வேய்ந்த கூரையாக விரிந்தது. ஒவ்வொரு ஓட்டிலும் கோடு கோடாக வரி. நடுவில் வரி தெரிந்து ஓரத்தில் கரைந்தால் அந்த லென்சுக்குப் பாதி மதிப்பெண். மூலைவரை தெரிந்தால் முழு மதிப்பெண். பள்ளி நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தேன். நான் பள்ளியில் வாங்காத மதிப்பெண்களையெல்லாம் லென்சுகளுக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் இது நடக்கும். மற்ற நாட்களில் செம்பனை லாரி ஒன்று போனாலே மேசை நடுங்கி, லென்சுக்குள் தெரியும் கூரை கலைந்து தூளாகிவிடும். ஞாயிறு காலை சாலை சும்மா கிடக்கும். வீட்டுக்கார அக்கா பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருப்பார். ஜன்னல் திரை வழியாகப் பால் மாதிரி வெளிச்சம் இறங்கும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சிறகின் மேல் நடந்துகொண்டிருப்பேன். திரும்பி வரும்போது மதியமாகியிருக்கும்.

அக்கா பத்து பகாட்டில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். பின்னறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு ஞாயிறு, கோயிலிலிருந்து வந்தவர் என் அறை வாசலில் நின்றார்.

"இது என்னாலா தம்பி, குழாய் ரிப்பேரா?"

"லென்ஸ் டெஸ்ட் பண்றேன்கா. சின்னதைப் பெருசாக் காட்டும்."

"எவ்வளவு சின்னதை?"

சிறகைக் காட்டினேன். கேமராத் திரையில் பார்த்தார். உள்ளே போய் ஒரு பழுப்பு உறையோடு வந்தார்.

அவருடைய அம்மா இறந்தபோது அவருக்கு ஒரு வயது. அம்மாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது. காஹாங்கில் இருந்த பெரியம்மா ஒருவருக்குத்தான் அந்த முகம் தெரியும். அவரும் அந்த வருடம் காலமானார். அவர் பெட்டியிலிருந்து வந்தது இந்த உறை. உள்ளே ஒரே ஒரு நெகட்டிவ்: தோட்டத்துக் கோயிலில் கிறிஸ்துமஸ் அன்று எடுத்த கூட்டப் படம். கீழே நாற்காலியில் ஆண்கள், மேலே நிற்கும் பெண்கள் ஒன்பது பேர். உறையின் மேல் பென்சிலில் பெரியம்மாவின் கையெழுத்து: 'மேல் வரிசை, இடமிருந்து நாலாவது, தங்கச்சி.'

தங்கச்சியின் தலை அதில் கடுகில் பாதி.

"கடையில குடுத்தேன். பெருசாக்குனா மங்கிடும்ங்கிறாங்க," என்றார் அக்கா. "எனக்கு எங்கம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாது தம்பி. இனிமே கேக்கவும் ஆளில்ல. முடியுமா?"

முடியும் என்றேன். முழு மதிப்பெண் வாங்கிய லென்ஸ் என்னிடம் இருக்கிறதே என்ற பெருமை.

நெகட்டிவுக்கு ஒரு பக்கம் மினுக்கம், மறுபக்கம் மங்கல். படம் இருப்பது மங்கல் பக்கத்தில். ஸ்டூடியோவில் அந்தப் பக்கத்தை லென்சைப் பார்த்துத்தான் வைப்பார்கள் என்று தவுக்கே சொல்லியிருந்தார். பிலிமின் தடிப்பு வழியாகப் பார்க்காமல் நேராகப் பார்த்தால் கூர்மை கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சத்துக்காகத்தானே இத்தனை ஞாயிறு. நானும் அப்படியே வைத்தேன். அடியில் வெள்ளை விளக்கு. இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே நகர்ந்து நாலாவதில் நின்றேன். போனில் கறுப்பை வெள்ளையாக மாற்றியதும் ஒரு முகம் மேலே வந்தது. முழு வெயிலில் நின்ற பெண். அகன்ற நெற்றி, சிரிப்பதற்கு ஒரு நொடி முந்திய வாய்.

கடையில் தாளில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மூக்கு என்னோடதுதான்," என்றார். பிறகு, "என் மூக்கு இவங்களோடதுன்னு சொல்லணுமோ."

அன்று எனக்குக் கோழிக்குழம்பு. படம் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. கோயிலிலிருந்து பெண்கள் வந்து பார்த்தார்கள். "நெத்தி அப்படியே" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் "அம்மா உன்னைவிட அழகு, கோச்சுக்காத" என்றார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அவர் நடையே மாறியிருந்தது.

மூன்று வாரம் கழித்து, அம்மா யாரோடு நின்றார் என்று பார்க்க ஆசைப்பட்டார். முழுப் படமும் வேண்டும். அது சுலபம். நெகட்டிவை அன்று போலவே வைத்து, சாதாரண லென்சால் ஒரே கிளிக். போனில் மாற்றி, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். தையல் பார்ப்பவரின் கண் முகத்துக்கு முன்னால் துணியைத்தான் பார்க்கும்.

"ஏன் தம்பி, அந்தக் காலத்துல முந்தானையை வலது தோள்லயா போடுவாங்க?"

எட்டிப் பார்த்தேன். ஒன்பது பேருக்கும் வலது தோள்.

"ஆம்பளைங்களுக்கும் பாக்கெட்டு வலது பக்கம் இருக்கு," என்றார். "தோட்டத்துத் தையக்காரன் தண்ணி போட்டுட்டுத் தச்சிருப்பானா?"

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். மங்கல் பக்கத்தை லென்சுக்குக் காட்டுவது ஸ்டூடியோக் கருவிக்குச் சரி. அங்கே படம் கீழே தாளில் விழும், சரியாக விழும். கேமரா அந்தப் பக்கமிருந்து பார்த்தால் இடம் வலமாகிவிடும். கூர்மையைத் தேடியவன் இதை யோசிக்கவில்லை. நான் எண்ணிய நாலாவது தலை உண்மையில் வலமிருந்து நாலாவது. சுவரில் இருப்பது வேறு யாரோ.

ஆமாம், அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். மறுக்க உலகத்தில் ஆளில்லை. எத்தனையோ ஊரிலிருந்து இதைவிடச் சின்னக் காரணத்துக்குப் பை தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். பஸ் நிலையம் நடக்கிற தூரம்தான். கீரைத் தண்டு ஒன்றை எடுத்து உடைத்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, படம் திரும்பிக்கிச்சு. நான் திருப்பி வச்சுட்டேன். அது உங்கம்மா இல்ல."

போனை மடியில் வைத்தார். கீரையை ஆய்ந்து முடித்தார். பிறகு, "அப்ப எங்கம்மா எங்க?" என்றார்.

அடுத்த ஞாயிறு, மினுக்கம் பக்கம் மேலே இருக்க வைத்து, உறையில் உள்ளபடி எண்ணினேன். நாலாவது பெண் மரத்து நிழலில் நின்றிருந்தார். நெகட்டிவ் அந்த இடத்தில் மெலிந்து கண்ணாடி மாதிரி இருந்தது. முழு மதிப்பெண் லென்சை வைத்தேன். மணல் தெரிந்தது. பிலிமில் உள்ள ஒவ்வொரு துகளும் தனித்தனியாக, அத்தனை கூர்மையாக. முகம் மட்டும் இல்லை. கடற்கரையில் முட்டி போட்டு மணலைப் பார்த்துக்கொண்டே கடல் எங்கே என்று தேடுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது லென்ஸ், மூன்றாவது, எல்லாம் மணல்தான். கடைசியில், சிறகின் வரிகளைக் களிம்பாகக் காட்டியதற்காக முட்டை போட்ட லென்சை மாட்டினேன். அதற்குத் துகள் தெரியவில்லை. துகள்கள் ஒன்றோடொன்று கரைந்து, கரைந்த இடத்திலிருந்து ஒரு நெற்றி மெல்ல எழுந்தது, கண்குழி, ஒரு பக்கத்துக் கன்னம். தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ மேலே பார்ப்பதுபோல. ஒடுங்கிய முகம். கண் திறந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

தாளில் போட்டுக் கொடுத்தேன். அக்கா வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மூக்கைத் தொடவில்லை.

"யாருன்னு தெரியல தம்பி."

"இவங்கதான்கா. எழுதியிருக்கிறபடி எண்ணிட்டேன். மூணு தடவை."

"நீ சொல்றது சரிதான். எனக்குத்தான் தெரியல." தாளை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "பரவால்ல. பழகிக்கலாம்."

நான் ஏணி போட்டுச் சுவரில் இருந்ததைக் கழற்றப் போனேன்.

"அவங்களைத் தொடாத," என்றார். "மூணு வாரமா அம்மான்னு கூப்பிட்டுட்டேன். இப்ப போய் இறங்குங்கன்னு எப்படிச் சொல்றது? பக்கத்துல ஆணி அடி."

அடித்தேன்.

மறுநாள் காலை தொழிற்சாலை வண்டி வெளியே ஹாரன் அடித்தது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, மூன்று வாரப் பழக்கத்தில் வெயிலில் நிற்கும் பெண்ணைப் பார்த்து, "போயிட்டு வரேம்மா" என்றார். வாசலைத் தாண்டியவர் நின்றார். திரும்பி உள்ளே வந்து, நிழலில் நிற்பவரிடமும் அதையே சொன்னார். முதல்முறையாக வீட்டுக்கு வந்திருக்கும் உறவுக்காரரிடம் பேசுவதுபோலக் குரலில் ஒரு கூச்சம் இருந்தது.