கதிரை வைத்த புல்வெட்டியும் யோகு அண்ணையும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ராணி அக்காவின் அழைப்பு வந்தது. காலையில் அவர் அழைத்தால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என் காரில் கத்தரிக் கன்றுகள் ஏற்ற இடம் இருக்கிறதா என்று கேட்பார். இல்லாவிட்டால் தம் கணவர் யோகு அண்ணையைப் பற்றிக் குறை சொல்வார். குறைதான் என்று நினைத்து, "இண்டைக்கு என்ன செய்துபோட்டார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

"தவம், இவர் தேத்தண்ணி குடிச்சுப்போட்டுக் கதிரையிலை இருந்தவர். கூப்பிடக் கூப்பிட முழிக்கிறார் இல்லை."

நகரின் மறுபக்கம் ஒரேத்தோவில் உள்ள அவர்கள் வீட்டுக்கு நான் போய்ச் சேர முன்னமே வைத்தியர் வந்து போய்விட்டார். இதயம் நின்றுவிட்டதாம். அறுபத்துநான்கு வயது சாகிற வயதா? அன்று முழுவதும் எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது.

யோகு அண்ணையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யோகநாதன் என்பது முழுப்பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து பலெர்மோவுக்கு வந்து, லிபெர்த்தாவில் ஒரே வீட்டில், ஒரே சிஞ்ஞோராவிடம், அந்த வீட்டு அம்மாவிடம், முப்பது வருடங்கள் வேலை பார்த்தவர். தரை துடைப்பது, சமைப்பது, கடைக்குப் போவது, வேலையின் கடைசி வருடங்களில் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப் போவது என்று எல்லாம் அவர்தான். அதே கட்டடத்தில் ஒரு மாடி மேலே எனக்கு வேலை. மத்தியானத்தில் உப்புக் கேட்டு நான் கீழே போகும்போதெல்லாம் அவர் குசினியில் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் கதிரை சும்மா கிடக்கும். சிஞ்ஞோரா நல்லவர், "இரு யோகு, இருந்து சாப்பிடு" என்று அவர் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். அண்ணை "சீ, சிஞ்ஞோரா", அதாவது "ஓம் அம்மா" என்று இத்தாலியனில் பணிவாகச் சொல்லிவிட்டு நின்றேதான் சாப்பிடுவார். யார் வந்தாலும் எழுந்து நிற்பது அவருடைய சுபாவம். சின்னப் பிள்ளை வந்தாலும் எழுவார். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டு, அவருக்கு அது எலும்பு வரை ஊறியிருந்தது.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, பலெர்மோவுக்கு வெளியே மலையடிவாரத்தில் ஒரு காணி வாங்கினார். நாற்பது ஒலிவ மரம், ஏழெட்டுத் தேசி மரம், ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் தமக்கென்று செய்த ஒரே ஆடம்பரம் அது. "இஞ்சை ஆரும் என்னட்டை 'என்ன அலுவலா வந்தனீ' எண்டு கேக்கேலாது, தங்கச்சி" என்று கேற்றைத் திறக்கும்போதெல்லாம் சொல்வார். ஆனால் அந்தக் கேற்றுக்குப் போய்ச் சேர என் கார் வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையில் இத்தாலியனில் கேட்கும் கேள்விகளில் அவர் மூன்று முறை தவறியவர். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருடைய சம்பளமில்லாத டிரைவர். பின்னிருக்கையில் ராணி அக்கா, சாப்பாட்டுச் சட்டிகள், முறைப்பாடுகள்.

காணிக்கு எதிரி புல். மழைக்காலம் முடிந்தால் இடுப்பளவு நிற்கும், மே கடைசியில் வைக்கோலாகக் காய்ந்துவிடும். கோடை தொடங்க முன் அதை வெட்டித் துப்புரவாக்காவிட்டால் நெருப்புப் பிடிக்கும் என்று நகரசபையிலிருந்து கடிதம் வரும். தோளில் மாட்டி வீசி வெட்டும் மெசினால் அண்ணை வருடக்கணக்காக வெட்டினார். பிறகு இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. மிலானோவில் இருக்கும் மகன் கஜன் ஒரே பிடியாக நின்றான். "அப்பா, வித்துப்போடுங்கோ. பக்கத்துக் காணிக்காரர் வாங்க ரெடி." அந்தப் பக்கத்துக் காணிக்காரர் இளைப்பாறிய வங்கி அதிகாரி. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, எப்போது விற்பீர்கள் என்று நயமாகக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

கடைசியில் அண்ணை மகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "இந்த முறை யூன் நடுப்பகுதிக்குள்ளை முழுக் காணியையும் நானே வெட்டி முடிக்காட்டி, விக்கிறன்." இதைச் சொல்லிவிட்டு மூன்று நாட்கள் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று ராணி அக்கா சொன்னார். நான்காம் நாள் பஸ் பிடித்துப் பிரான்காச்சோவுக்குப் போயிருக்கிறார். அங்கே நீனோ என்ற மெக்கானிக்கின் பட்டறையில், மூடிவிட்ட ஒரு கல்யாண மண்டபத்தின் தோட்டத்திலிருந்து வந்த புல்வெட்டி ஒன்று நின்றது. ஏறி இருந்து ஓட்டும் வகை. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைக்கும் இரண்டு பிடிகள். இரண்டையும் தள்ளினால் முன்னே போகும், இழுத்தால் பின்னே போகும், ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். ஸீரோ டேர்ன் என்று சொல்வார்கள். மரத்தடியைச் சுற்றி வெட்ட இதைவிடத் தோதான மெசின் இல்லை.

"உங்களுக்கு என்ன விசரா?" என்று கேட்டேன். "கார் ஓட்டத் தெரியாது, இதை ஓட்டப்போறியளோ?"

"முப்பது வருசம் நிண்டு வேலை செய்தாச்சு, தங்கச்சி. இனி இருந்துகொண்டு செய்யப்போறன். என்ரை காணிக்குள்ளை லைசென்சும் தேவையில்லை."

நல்ல நாள் பார்த்து வண்டிக்குப் பொட்டு வைத்து, நாலு சில்லுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்தோம். அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, முருகனை நினைத்துப் பிடிகளைத் தள்ளினார். ஒரு பக்கம் கூடத் தள்ளிவிட்டார் போலிருக்கிறது, வண்டி வட்டமாகச் சுற்றியது. ஒரு தேசிக்காய் நசிந்தது, மற்ற மூன்றும் மூன்று திசைக்குப் பறந்தன. ராணி அக்கா கற்பூரத் தட்டோடு பின்வாங்கி ஒலிவ மரத்தோடு ஒட்டிக்கொண்டு, "இந்த மனுசனாலை முருகனுக்கே தலை சுத்துது" என்றார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் வயிற்றில் வலிக்கிறது.

இரண்டு கிழமைகளில் நன்றாகவே ஓட்டப் பழகிவிட்டார். ஆனால் வேறொரு சனியன் பிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று நின்றுவிடும். திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் மூச்சுக் காட்டாது. நீனோ வந்து பார்த்தான். பிளக் மாற்றினான், பில்டர் மாற்றினான், தானே ஏறி ஒரு மணித்தியாலம் ஓட்டினான். குதிரை மாதிரி ஓடியது. அவன் போனதும் பழையபடி நின்றது. மூன்று தரம் வந்தான். மூன்றாம் தரம் அண்ணையை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். மே மாதம் பாதி போயிற்று, காணியில் பாதிப் புல் அப்படியே நின்றது. பக்கத்துக் காணிக்காரர் மதிலடியில் அடிக்கடி காட்சி தந்தார். அண்ணையின் முகம் இருண்டுகொண்டு போனது. "பிள்ளைக்குக் குடுத்த வாக்கு" என்று மட்டும் முணுமுணுப்பார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை. ஒரு ஞாயிறு மர நிழலில் வெங்காயம் உரித்துக்கொண்டு பார்த்திருந்தேன். ஞாயிறு என்றால் காணிக்கு எங்கள் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கேற்றில் ஒரு குடும்பம் நுழைந்தது, வண்டி நின்றது. பிறகு இன்னொருவர் வந்தார், மறுபடியும் நின்றது. மூன்றாவதாக என் மகள் வந்தபோது வண்டியைப் பார்க்காமல் அண்ணையைப் பார்த்தேன். "வாங்கோ பிள்ளை" என்று இருக்கையிலிருந்து அரைவாசி எழுந்தார். எஞ்சின் அணைந்தது!

அந்த வண்டியில் ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால் ஆபத்தென்று எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. பிறகு பிடிகளை வெளிப்பக்கம் விரித்து, வெட்டும் கத்தியை நிறுத்தினால்தான் திரும்ப ஸ்டார்ட் ஆகும். பதற்றத்தில் அதை அவர் செய்வதில்லை. நீனோ ஓட்டியபோது நிற்காததற்குக் காரணம், நீனோ யாருக்கும் எழுந்து நிற்கிறவனில்லை.

"அண்ணை, ஆர் வந்தாலும் எழும்பாதேங்கோ. வண்டிக்கு அவ்வளவுதான் வருத்தம்" என்றேன்.

"அதெப்பிடி? ஆக்கள் வரேக்குள்ளை குந்திக்கொண்டிருக்கிறதே?"

"காணி வேணுமோ, மரியாதை வேணுமோ?"

"ரெண்டும் வேணும்" என்றார். ஆனாலும் முயன்றார், முடியவில்லை. கேற் சத்தம் கேட்டால் அவருடைய இடுப்பு தானாகவே எழும்பும். கடைசியில் ராணி அக்கா தம் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து அவரை இருக்கையோடு சேர்த்துக் கட்டினார். "கலியாணத்திலை நீங்கள் எனக்குக் கட்டினியள். இண்டைக்கு நான் உங்களுக்கு" என்று முடிச்சை இறுக்கியபோது அண்ணை வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு நான் ஒரு காரியம் செய்தேன். சிஞ்ஞோராவுக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. யோகுவின் காணியைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணையையும் அக்காவையும் காணியில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, சிஞ்ஞோராவின் மகளிடம் சொல்லிவிட்டு, அவரை முன் இருக்கையில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். கைத்தடியோடு அவர் கேற்றுக்குள் வந்ததும் அண்ணை கண்டுவிட்டார். எழும்பப் பார்த்தார், சேலை விடவில்லை. பாவம், கையாவது எடுத்து வணக்கம் சொல்லுவோம் என்று வலக்கையைத் தூக்கினார். இடக்கை பிடியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. வண்டி சிஞ்ஞோராவுக்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் வணக்கம் சொன்ன கையும், திகைத்த முகமும் எங்களைக் கடந்து போயின. சிஞ்ஞோரா கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். எஞ்சின் மட்டும் நிற்கவில்லை.

அன்று பின்னேரம் சிஞ்ஞோராவை வீட்டில் விட்டபின், அண்ணை தம் வழக்கமான முன் இருக்கைக்கு மாறி ஏறினார். பிறகு மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, இண்டைக்குத்தான் முதல்முதலா சிஞ்ஞோராவுக்கு முன்னாலை இருந்தனான். ஒண்டும் நடக்கேல்லை."

குறித்த நாளுக்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே காணி முழுவதும் வெட்டி முடிந்தது. கைத்தொலைபேசியில் கஜனைக் கூப்பிட்டு ஒவ்வொரு மரத்தடியாகக் காட்டினார். "பாரடா, மொட்டையடிச்ச தலை மாதிரிக் கிடக்கு!" கஜன் சிரித்தான். அதற்குப் பிறகு வந்த மூன்று வருடங்களும் அப்படித்தான் வெட்டினார். பழுதான முழங்கால்களோடு அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் வேலை செய்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி, நடந்து முடிந்ததைச் சொல்கிறேன். செத்தவீட்டுக்கு வந்த கஜன் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த கையோடு பக்கத்துக் காணிக்காரரோடு கதைத்துவிட்டான். அவனிலும் பிழை சொல்ல முடியாது. தாய் தனியே அந்தக் காணியை என்ன செய்வார்? ராணி அக்காவும் "உன்ரை விருப்பம்" என்று மட்டும் சொன்னார். அண்ணைக்குப் பிறகு எதற்குமே அவர் வேறு பதில் சொல்லவில்லை. சென்ற ஞாயிறு காணியை அளந்து பார்ப்பதாக ஏற்பாடு. வழமைபோல நான்தான் கூட்டிப்போனேன், முன் இருக்கை வெறுமையாக இருந்தது.

புல் முழங்காலுக்கு மேலே நின்றது. ராணி அக்கா நேரே வண்டி நிற்கும் கொட்டிலுக்குப் போனார். "இவர் இருந்த இடத்திலை ஒருக்கால் இருந்து பாப்பம்" என்று நீளச் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார். பிடிகளை வெளியே விரித்தார், கத்தியின் பொத்தானைப் பார்த்தார், திறப்பைத் திருப்பினார். ஒரு படியைக்கூட அவர் மறக்கவில்லை. இவ்வளவு காலமும் குறை சொல்லிச் சொல்லியே முழுவதையும் கற்றிருக்கிறார்! முதல் வரிசை கோணல்மாணலாகப் போனது. இரண்டாவது வரிசை நேராக வந்தது.

அப்போது கேற் திறந்தது. அளவு நாடாவோடு பக்கத்துக் காணிக்காரர் முன்னால் வந்தார், கஜன் பின்னால். அவர் தொப்பியைக் கழற்றி, "புவோன் ஜோர்னோ, சிஞ்ஞோரா" என்றார். முப்பது வருடங்கள் பிறர் வீட்டு வாசலில் நின்று இந்த 'காலை வணக்கம், அம்மா'வை மற்றவர்களுக்குச் சொன்னவர் ராணி அக்கா. அவருடைய தோள் மேலே அசைந்ததை நான் கண்டேன். பிடியை இறுக்கிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நோன் சி வெந்தே" என்றார், அந்தச் சத்தத்துக்கு மேலால். விற்பனைக்கு இல்லை. பிறகு மகனைப் பார்த்துத் தமிழில், "தம்பி, அந்தக் கல்லுகளைப் பொறுக்கி அங்காலை போடு. கத்தியிலை படும்" என்றார். கஜன் ஒருகணம் தாயைப் பார்த்தான். பிறகு கைத்தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் குனிந்தான்.

யோகு அண்ணை, மேற்பக்கம் பன்னிரண்டு மரம் வரை வெட்டியாகிவிட்டது. வரும் ஞாயிறு மிச்சம். காணியைப் பற்றி யோசிக்காமல் போங்கள், ராணி அக்காவை நான் காரில் கூட்டிப்போவேன்.