வாஞ்சிராவைக் கூப்பிட்ட குரல்

முராங்கா மலைச்சரிவில் எங்கள் ஜெபக்கூட்டத்தில் வாஞ்சிராவும் கதோனியும் எப்போதும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். வெள்ளையரை விரட்டக் காட்டுக்குப் போனவர்கள் ஊர் ஊராகச் சபதம் வாங்கிய வருடம் அது. ஆட்டு இரத்தத்தில் மண்ணைக் கலந்து குடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். வெளியே சொன்னால் சாவு.

ஒரு சாயங்காலம் இருவரையும் ஒரு குடிசைக்கு இழுத்துப் போனார்கள். கதோனி சுரைக்குடுவையைத் தள்ளிவிட்டாள்.

"உங்க மேல எனக்குக் கோபமில்ல. எனக்காக ஒருத்தர் சிந்தின இரத்தமே போதும்."

கதோனியின் கழுத்தில் கயிறு விழுந்தது. "வாஞ்சிரா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். வாஞ்சிரா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, நீட்டிய குடுவையை வாங்கிக் குடித்தாள்.

அவளும் அங்கே இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. கதோனியைப் புதைத்த அன்று எங்களோடு நின்று பாடினாள்.

மறுநாளே குரல் தொடங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் மொள்ளும்போது முதுகுக்குப் பின்னால், "வாஞ்சிரா." திரும்பினால் யாருமில்லை. கிழங்குக் கொல்லையில் குனிந்தால், காதோரத்தில். ஆலயத்தில் பக்கத்து இடம் காலி. ஆனால் பாட்டின் நடுவே அங்கிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். வேதத்தைத் திறந்தால் எழுத்து மண்ணாகத் தெரியும். ஆனாலும் ஜெபத்தை அவள் விடவில்லை. கர்த்தர் பேசுவார் என்று காத்திருந்தாள். கேட்டதெல்லாம் கதோனியின் குரல்தான்.

அண்ணி நியாகியோவுக்குப் பொறுக்கவில்லை. "உங்க இயேசு வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாரா? மந்திரவாதிகிட்ட ஒரு ஆடு வெட்டு. ஆவி ஓடிப்போயிடும்."

"அவளை நானே விரட்டவா அண்ணி? நான் பண்ணினது போதாதா?"

கதோனி செத்த எட்டாம் மாதம் வாஞ்சிரா, கதோனியின் அம்மாவான வம்புராவிடம் போனாள். வம்புரா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். வாஞ்சிரா எல்லாவற்றையும் சொன்னாள்.

"கடைசியா என்ன சொன்னா?"

"என் பேரை, அம்மா."

"என்னைக் கூப்பிடலையா?"

வம்புரா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஞாயிறு வாஞ்சிரா கூட்டத்தில் எழுந்து, சபதம் குடித்ததை வாய்விட்டு அறிக்கையிட்டாள். பயத்தில் பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள். நானும் போனேன்.

நாலாம் நாள், சபதம் வாங்கியவர்கள் அவளைத் தேடிச் சோளக்கொல்லைக்கே வந்துவிட்டார்கள்.

"வாயைத் திறந்துட்ட இல்ல? மறுபடி குடி."

"முடியாது. முன்ன குடிச்சதே இன்னும் தொண்டைய விட்டு இறங்கல."

வெட்டுக்கத்தி வலது மணிக்கட்டில் இறங்கியது. செத்துவிட்டாள் என்று போட்டுவிட்டுப் போனார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் பிழைத்தாள்.

மூன்றாம் நாள் வம்புரா கஞ்சியோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வரல. ஆறிடும், வாயைத் திற."

குரல் அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்று வாஞ்சிராவே என்னிடம் சொன்னாள். ஒற்றைக் கையால் குடம் தூக்க முடியாத அவளுக்கு, பதினோரு வருடம், தான் சாகும்வரை, வம்புராதான் தண்ணீர் சுமந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை வம்புரா சொல்லி நான் கேட்டதில்லை.