சாந்தகுமாரின் கலப்படக் கிளாரினெட்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆவாரம்பட்டையைத் தலைச்சுமையாக விற்று, ஆம்பூரில் சொந்த மண்டி போட்டவன். தோல் பதனிடப் பட்டையும் கடுக்காயும் வாங்கும் ஷாப்புக்காரர்கள் பிரித்துப் பார்க்காமல் என் மூட்டையை எடுப்பார்கள். கலப்படம் இருக்காது. இதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அந்த மண்டியில் கடுக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்கியவன் சாந்தகுமார். வேலூர் ஆஸ்பத்திரிச் சமையல்காரர் மகன். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஒரு பட்டாள பேண்டுக்காரரிடம் கிளாரினெட் கற்றான். பகலில், பொத்தல் கடுக்காய் ஒன்றைக்கூட நல்ல மூட்டையில் சேரவிடமாட்டான். சாயங்காலம் சிவப்புக் கோட்டு மாட்டி பேண்டு செட்டோடு கிளம்பினால் அதே கை கலப்படம் செய்யும். சாய்பு வீட்டுக் கல்யாணமோ, நம் வீட்டுக் கல்யாணமோ, டிரம்பட்டுக்காரன் ஒரு பாட்டை வாசிக்க, இவன் அதன் மேலேயே வேறொரு பாட்டை ஏற்றுவான். ஜனங்கள் வாயைப் பிளந்து நிற்பார்கள். எனக்கோ, பாயசத்தில் ரசத்தை ஊற்றிக் குடிக்கச் சொன்ன மாதிரி இருக்கும்.

"இன்னாடா இந்த அசிங்கம்?" என்று கேட்டிருக்கிறேன்.

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது முதலாளி. உங்களுக்குக் கேக்கலியா?"

"சண்டை போட்டுக்குது. அதான் கேக்குது."

இருந்தும், மண்டி ஆளாச்சே என்று என் மகள் சாவித்திரி கல்யாணத்துக்கு அவன் செட்டையே வைத்தேன். "ஒரு பாட்டு முடிஞ்சாத்தான் இன்னொண்ணு" என்று கண்டிஷன் போட்டுத்தான். ஐம்பத்தேழாம் வருஷம், தை மாசம். மாப்பிள்ளை தனகோடி, குடியாத்தத்தில் தறி போட்டு லுங்கி நெய்கிற வீரபாகுவின் பிள்ளை.

மாப்பிள்ளை அழைப்புக் கார் பிள்ளையார் கோயிலில் கிளம்பிக் கடைத்தெருவுக்கு வந்தது. டிரம்பட் ஓர் இந்தி சினிமா மெட்டைத் துள்ளத் துள்ள வாசித்தது. கூட்டத்தைப் பார்த்ததும் சாந்தகுமாருக்கு விரல் நமைத்துவிட்டது. அதன் மேல் இன்னொரு மெட்டை இழைத்தான். வேதக்காரர்கள் சவப்பெட்டி தூக்கிக் கல்லறைக்குப் போகும்போது வாசிக்கிற மெட்டு! சாவு ஊர்வலம் வந்தால் கடைக்காரர்கள் பாதிப் பலகையைச் சாத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். பழக்கதோஷம், காதில் விழுந்ததும் கை பலகைக்குப் போய்விட்டது. என் மாப்பிள்ளை மாலையோடு வர, இரண்டு பக்கமும் சடசடவென்று பலகை சாத்துகிறார்கள்.

வீரபாகு காரை விட்டு இறங்கினார்.

"சம்பந்தி, எம் புள்ளைக்குக் கல்யாணமா, சாவெடுப்பா? டிரைவர், வண்டியக் குடியாத்தத்துக்குத் திருப்பு!"

மண்டபத்தில் என் பெண் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருக்கிறாள். பாதியில் நின்ற கல்யாணத்துப் பெண்ணை எவன் கட்டுவான்?

"நல்ல மெட்டுதான் முதலாளி, வேகமா வாசிச்சா துக்கமே..." என்று ஆரம்பித்தான் சாந்தகுமார்.

"வாய மூட்ரா!"

மாப்பிள்ளையின் அம்மா பூங்காவனம்தான் நடுவில் வந்தார். "இன்னாங்க கூச்சல் போட்றீங்க? கெளம்பறப்போ சகுனம் தட்டினா வூட்டுக்குத் திரும்பி, தண்ணி குடிச்சிட்டு மறுபடி கெளம்புறதில்லையா? அதைப் பண்ணுங்க. அதுக்குப்போய் கல்யாணத்தை நிறுத்துவாங்களா?"

கார் வந்த வழியே பின்னோக்கிக் கோயிலுக்குப் போனது. எல்லாரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். தேங்காய் உடைத்து, பேண்டு இல்லாமல் கோயில் நாயனத்தோடு மட்டும் மறுபடி கிளம்பினோம். பலகைகள் திறந்தன. சாந்தகுமார் கிளாரினெட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைசியில் நடந்தான். மறுநாள் தாலி ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போல் கடுக்காய் பொறுக்க வந்தான். விரட்டவில்லை. அவன் மாதிரி பொறுக்க ஆள் கிடையாது. "கோட்டோட என் தெருப் பக்கம் வந்தே, காலை ஒடிப்பேன்" என்றேன். தலையாட்டினான். அடுத்த வாரமே நாட்றம்பள்ளியில் ஒரு கல்யாணக்காரர் அதே கலப்படத்தைத்தான் கேட்டு வாங்கினாராம். தூ!

ஆடி விருந்துக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். காலையில் கிணற்றடியில் மாப்பிள்ளை அந்த இந்தி மெட்டை முணுமுணுத்தபடி குளிக்கிறார். சரி, வயசுப் பிள்ளை என்று விட்டேன். உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்த என் மகள், அதன் மேலேயே கல்லறை மெட்டை எடுத்து இழுக்கிறாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வேறு.

மாப்பிள்ளையை என்ன சொல்வது? தோசையைத் தொடாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனேன். அங்கே சாந்தகுமார் கடுக்காய் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.