கைதிகள் பின்னிய கடிவாளங்கள்

ஈரமான குதிரைமுடி வெயிலில் காயும்போது கிளம்புகிற வாடை எனக்கு இன்றும் குமட்டும். ஈப்போ நகரத்துச் சிலிபின் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வாடைதான். அப்பா தம் "சாமான்களை"க் கழுவி வாசலில் பாய்மீது பரப்பி, பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருப்பார்.

சாமான்கள் என்றால் பழைய கடிவாளங்கள். எல்லாம் அந்தக் காலத்து அமெரிக்கச் சிறைகளில், குதிரைவால் முடிக்குச் சாயமேற்றி, கைதிகள் முடிச்சு முடிச்சாகப் பின்னியவை. ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த அப்பாவுக்கு, எழுபதுகளில் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார "தொரை" ஒரு கடிவாளத்தைக் கொடுத்துவிட்டுப் போனாராம். கொடுத்தார் என்பது அப்பா சொல்வது. மூட்டை கட்டும்போது கழித்துப் போட்டார் என்பது அம்மா சொல்வது. அன்று பிடித்த பைத்தியத்தில், ஈப்போவின் பழைய சாமான் கடைகளில் அலைந்தும் வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தும் கூடத்துச் சுவர் முழுக்க மாட்டிவிட்டார். இத்தனைக்கும் குதிரையேறத் தெரியாது. தெருநாய் குரைத்தாலே வீட்டுக்குள் ஓடிவருகிற மனிதர். "குதிர இல்லாத வூட்டுல கடிவாளம் எதுக்கு லா?" என்று அம்மா முனகுவார்.

வந்தவர்களை நிற்கவைத்துப் பிரசங்கம் வேறு. "கைதி செஞ்சதுங்க. ஜெயில்ல வருசக்கணக்கா ஒக்காந்து பின்னியிருக்கான். என்னா பொறுமை பாருங்க!" சொல்லும்போது தொரையைப் போலவே இடுப்பில் கைவைத்துக்கொள்வார்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பக்கத்திலிருந்த ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரு கைகலப்பில் எதிராளியின் மண்டை உடைந்து, சிறைக்குப் போனார். அப்பா ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. கேட்டவர்களிடம் "சிங்கப்பூர்ல இருக்கான்" என்று கூசாமல் சொன்னார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், விடுதலையான சித்தப்பா வாசலில் வந்து நின்றார். கையில், உள்ளே கற்றுக்கொண்டு அவரே பின்னிய பிரம்புக் கூடை.

"அண்ணே, அண்ணிக்குக் கொண்டாந்தேன்."

கூடத்தில் விருந்தாளி ஒருவர் கடிவாளத்தைத் தடவி வியந்துகொண்டிருந்தார். அப்பா வாசலை மறித்து, குரலைத் தணித்துச் சொன்னார்: "ஜெயில்ல செஞ்ச சாமான் என் வூட்டுக்குள்ள வரக்கூடாது. நீயுந்தான்."

அம்மா அவரைத் தள்ளிக்கொண்டு வந்து கூடையை வாங்கினார். "உள்ள வா தம்பி, சோறு சாப்டு."

சித்தப்பா சுவரைப் பார்த்தார். "வேணா அண்ணி, இன்னொரு நாளு வாரேன்."

கூடையில் வெங்காயம் கொட்டி அம்மா அடுப்படியில் மாட்டினார். அப்பாவின்மேல் எனக்கிருந்த மரியாதை அன்று போனதுதான், திரும்பவில்லை.

பிற்காலத்தில் அவர் இடுப்பொடிந்து கிடந்தபோது, தூக்கிக் குளிப்பாட்ட வந்தவர் சித்தப்பாதான். மன்னிப்பா கேட்பார் அப்பா? சுவரைக் காட்டி, "தூசி படிஞ்சிருக்கு, தட்டு" என்றார்.

இப்போது அப்பா இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். பூச்சி அரித்து முடி உதிர்ந்துபோன கடிவாளங்களைப் போன மாதம்தான் குப்பைப் பையில் திணித்தேன். எனக்குத் துளி வருத்தமில்லை. உதவிக்கு வந்த சித்தப்பா ஒன்றை வெளியே எடுத்து, முடிச்சுகளை விரலால் வெகுநேரம் தடவினார்.

"பாவம்மா, இத செஞ்சவன்" என்றார்.

அத்தனை வருடப் பிரசங்கத்தில் அப்பா வாயில் வராத வார்த்தை அது.