ஒரே வீட்டில் பிரிந்திருந்த வருடம்

அம்புறோஸ் மன்னார்க்காரர். ஜேர்மனியின் எசன் நகரில் பதினெட்டு வருடமாக ஒரு திருகாணித் தொழிற்சாலையில் வேலை செய்தார். வீட்டில் எதையும் தானே முடிவுசெய்து, எல்லாம் முடிந்தபிறகு மனைவிக்குச் சொல்லுவது அவர் வழக்கம். 2003இல் ஜேர்மன் குடியுரிமை கிடைத்ததும், அந்தக் கடவுச்சீட்டோடு தடையின்றிப் போகலாமென்பதால், தெரிந்தவர்கள் பலரைப்போல லண்டனுக்குக் குடிபெயரத் தீர்மானித்தார். அங்கிருந்த தமையனிடம் வீடு பார்க்கவும் சொல்லிவிட்டார். மனைவி யோசப்பினுக்கு அது தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும் வழியில்.

யோசப்பின் அப்போதுதான் நாற்பத்தாறு வயதில் டொச் எனப்படும் ஜேர்மன் மொழியோடு மல்லுக்கட்டி, பரீட்சை எழுதி, ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக நிரந்தர வேலை எடுத்திருந்தாள்.

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?” என்றாள்.

“கேட்டால் நீர் வேண்டாமெண்டுவீர். அதுதான் கேக்கேல்லை,” என்றார் அம்புறோஸ், உள்ளதைச் சொல்லி.

அடுத்த கிழமை அவள் விவாகரத்துக் கேட்டு வக்கீலிடம் போனாள்.

மன்னாரிலென்றால் அவளுடைய அண்ணன்மார் இருவரும் காலையில் வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் விஷயத்தை முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது ஒருவர் ரொறன்ரோவில், மற்றவர் சிட்னியில். ஒருவர் எழும்பும்போது மற்றவர் படுக்கப்போனார். தொலைபேசியில் சமாதானம் பேசவந்த மூத்தவர் பாதியில் தன் மனைவி பிரிந்துபோன கதையைச் சொல்லி அழத் தொடங்க, யோசப்பின்தான் அவரைத் தேற்றவேண்டி வந்தது.

விவாகரத்துக்கு முன் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்றார் வக்கீல். ஒரே வீட்டிலும் இருக்கலாம். ஆனால் ஒருவருக்காக மற்றவர் சமைக்கவோ துவைக்கவோ கூடாது. மகள் ஜெசிக்கா படிப்புக்காக வேறு ஊருக்குப் போயிருந்ததால் யோசப்பின் அவளுடைய அறைக்கு மாறினாள். குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு அவருக்கு.

முதல் மாதத்தை அம்புறோஸ் பாணும் தகரத்தில் அடைத்த மீனுமாக ஓட்டினார். இரண்டாம் மாதம் அவர் வைத்த சோறு கரிந்து, மேல்மாடி ஜேர்மன்காரி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டாள். அதன்பிறகு சமையலறை வாசலில் நின்று, உப்பு எவ்வளவு, புளி எப்போது என்று யோசப்பினைக் கேட்கத் தொடங்கினார். கேட்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கவில்லை. கேட்டுக் கேட்டு அது பழக்கமாகிவிட்டது. திரைச்சீலை மாற்றலாமா, பல்லைப் பிடுங்கலாமா என்றும் கேட்டார். கடைசியில், லண்டன் தமையனுக்கு என்ன சொல்ல என்றும் கேட்டார். வரவில்லை என்று சொல்லச் சொன்னாள். அப்படியே சொன்னார்.

வருடம் முடிந்து வழக்கு வந்தது. மனைவி உங்களுக்குச் சமைத்தாரா என்று நீதிபதி கேட்டார்.

“இல்லை,” என்றார் அம்புறோஸ். “நான்தான் அவவுக்கு மூண்டுதரம் நண்டுக்கறி வைச்சனான்.”

யோசப்பினுடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

இந்தத் திருமணம் முடிந்துவிட்டதா என்று நீதிபதி யோசப்பினைக் கேட்டார். இருபத்துமூன்று வருடத்தில் இந்த ஒரு வருடம்தான் மனசுக்கு நிம்மதியாக இருந்தது என்று அவளுக்குப் பட்டது.

“இப்பிடியே இன்னும் ஒரு வருசம் இருக்க ஏலுமோ?” என்றாள்.

அதற்கு நீதிமன்றம் தேவையில்லை என்றார் நீதிபதி. யோசப்பின் வழக்கை மீளப் பெற்றாள்.

அடுத்த தமிழ்ப் பூசையில் குருவானவர் இருவரையும் பார்த்து, மறுபடி ஒன்றுசேர்ந்ததற்கு வாழ்த்துச் சொன்னார்.

“சேரேல்லை, பாதர். பிரியேல்லை, அவ்வளவுதான்,” என்றாள் யோசப்பின்.

அம்புறோஸ் அதுதான் சரி என்று தலையாட்டினார். அவளுக்குப் பின்னேர வேலை இருந்ததால் இருவரும் தேநீருக்கு நிற்கவில்லை.